ஜமாபந்தி மேசையும் டம்மி நம்பரும்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிக்கிள்ஷிப் முடித்துவிட்டு சி.ஏ. இறுதித் தேர்வு எழுதும் ஒருவருக்கு ஒரு தாளில் 39 மதிப்பெண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும். குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒரு மதிப்பெண்ணில் அந்தக் குரூப் முழுவதும் போய்விட்டது. அவர் பணம் கட்டி மதிப்பெண் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். கூட்டலில் பிழை உண்டா, திருத்தாமல் விட்ட விடை ஏதும் உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். தன் விடைத்தாளின் நகலையும் கேட்டு வாங்கலாம். நான்கு மதிப்பெண் பெறும் என்று அவர் நம்பிய விடைக்கு அதில் ஒன்று போட்டிருக்கும். ஏன் ஒன்று என்று கேட்க இடமில்லை. பட்டயக் கணக்காளர் விதிகள் 1988-இன் 39(4) விதி எண்ணிப் பார்க்க வழிவிடுகிறது, மறுபடி மதிப்பிட வழிவிடவில்லை. பிறருடைய கணக்கைக் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொள்ளப்போகிறவரிடம், உன் மதிப்பெண்ணை மட்டும் கேள்வி கேட்காதே என்று தொழிலின் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கணக்கன் தன் கணக்கை அறியான் என்ற பழமொழிக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது.

கணக்கரைச் சோதிக்கும் வழக்கம் பழைய தென்னார்க்காட்டில், குறிப்பாக இன்றைய விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் எப்படி மாறி வந்தது என்று பார்த்தால், நாம் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு மாற்றங்கள் தெரியவருகின்றன. கணக்கர் ஆவதற்கான வாசல் பிறப்பிலிருந்து விடுபட்டுப் படிப்படியாக எல்லோருக்கும் திறந்தது ஒன்று. கணக்கரைச் சோதிக்கும் மேசை, ஆள் எதிரே நின்று பதில் சொன்ன நிலையிலிருந்து முகம் தெரியாத அறைக்குள் போனது மற்றொன்று. இரண்டும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில் நடந்தன. அதனால் வாசல் திறந்ததற்குக் கொடுத்த விலைதான் மேசை மூடியது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி ஒரு பேரம் நடக்கவே இல்லை என்பது என் வாதம்.

தொடக்கத்தில் வாசல் என்பது வீடுதான். விழுப்புரத்துக்கு அருகில் உள்ள எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களுக்கு உணவும் உறையுளும் தந்து நடத்திய கல்லூரியைக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் என்று பாடங்கள் வரிசையாக வருகின்றன. ஊர்க்கணக்கு அந்த வரிசையில் இல்லை. அது தகப்பனிடம் பிள்ளை கற்பது. பிற்காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடமானது. முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி என்றால் 80-இல் ஒன்று, மா என்றால் 20-இல் ஒன்று. இந்தக் கீழ்வாய் எண்களை நாக்கில் ஏற்றிக்கொண்ட பையன் அப்பாவின் ஏட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றதைக் கற்றான். அவனுக்குத் தனியாகப் பரீட்சை கிடையாது. அவன் எழுதிய கணக்குத்தான் பரீட்சைக்குப் போனது.

அந்தப் பரீட்சையின் பெயர் ஜமாபந்தி. 1801-இல் ஆர்க்காட்டுச் சீமை கம்பெனியிடம் வந்து, ரயத்துவாரி முறை நிலைத்த பிறகு, பசலி என்ற ஒவ்வொரு வருவாய் ஆண்டும் ஊர்க்கணக்கரான கர்ணத்தின் கணக்கு மேலதிகாரியால் வரிக்கு வரி பார்க்கப்பட்டது. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல், யாருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டா, ஊரின் மொத்த நிலத்துக்கும் அடிப்படையான அ-பதிவேடு எல்லாம் துணி மூட்டையில் கட்டி வரும். பிர்க்காவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். அடங்கலில் தரிசு என்று எழுதிய புலத்துக்கு எப்படித் தண்ணீர்த் தீர்வை போட்டாய், சிட்டாவில் இருக்கும் பெயர் ஏன் இங்கே இல்லை என்று அதிகாரி கேட்பார். கர்ணம் நின்றுகொண்டே பதில் சொல்லவேண்டும். பதில் சரியென்றால் பதிவு நிற்கும், இல்லையென்றால் அங்கேயே அடித்துத் திருத்தப்படும். நில அளவைச் சங்கிலியைக்கூட விடமாட்டார்கள். கணக்குச் சரியாக இருந்தும் சங்கிலி நீண்டிருந்தால் நிலம் தப்பாகிவிடும் அல்லவா! கடைசி நாளில் குடிகள் மாநாடு. கணக்கில் தன் பெயர் விட்டுப்போனவன், தீர்வை கூடிப்போனவன் எல்லோரும் மனுவோடு வருவார்கள். சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே பந்தலில் இருந்த சோதனை அது.

இதைச் சொன்னதும் எழும் மறுப்பு நியாயமானது. கர்ணத்தின் ஆட்சியைப் பொற்காலமாக்கப் பார்க்கிறாயா என்று கேட்பார்கள். பந்தலில் எல்லோரும் இருந்தார்கள் என்பது உண்மை. எல்லோராலும் வாய் திறக்க முடிந்ததா என்பது வேறு கேள்வி. அடங்கலில் யார் பெயரை எழுதுவது என்ற அதிகாரம் கர்ணத்தின் கையில் இருந்தவரை, படிக்கத் தெரியாத குடியானவன் மனு எழுதவே கர்ணத்திடம் போகவேண்டிய ஊர்களும் இருந்திருக்கும். சாதியால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மேசைக்கு எவ்வளவு தூரத்தில் நின்றிருப்பார்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முகம் பார்த்துச் சோதிக்கும் முறையில் முகத்துக்கு ஏற்பச் சோதனை மாறும் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேடு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்ததால் வந்த கேடு அல்ல அது. பதில் சொல்லும் இடத்தில் யார் நிற்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்ததால் வந்தது.

1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டத்தில் இது தெளிவாகவே தெரிகிறது. வாரிசு வயது வந்தவராக, உடலும் மனமும் திடமானவராக, விதித்த கல்வித் தகுதி உள்ளவராக இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பரம்பரைக் கதவில் படிப்பு என்ற சிறு தாழ்ப்பாள் விழுந்தது. ஆனால் முறையீட்டுக்கான வழி எதற்கு இருந்தது என்று பாருங்கள். கர்ண வேலை எனக்குச் சேரவேண்டியது, பங்காளிக்கு அல்ல என்று வழக்குப் போடலாம், கலெக்டர் விசாரிப்பார், அதற்கு மேலும் போகலாம். வம்சாவளிக்கு அப்பீல் உண்டு. இந்த நாட்டில் கணக்கர் பதவி சார்ந்த முறையீட்டின் வரலாறு, யார் நன்றாகக் கணக்கு எழுதினார் என்ற சண்டையில் தொடங்கவில்லை. யார் யாருக்குப் பிறந்தார் என்ற சண்டையில்தான் தொடங்கியது.

வாசலைத் திறக்கும் வேலையை வேறொரு பரீட்சை செய்தது. 1886-இல் பச்சையப்பன் அறநிலையத்தார் சென்னையில் வணிகப் பள்ளி தொடங்கினார்கள். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளும் தொடங்கின. கணக்குப் பதிவியல், தட்டச்சு, சுருக்கெழுத்து என்று யார் வேண்டுமானாலும் பணம் கட்டி எழுதக்கூடிய தேர்வுகள் அவை. விழுப்புரம் போன்ற ஊருக்கு இதன் பயன் பெரிது. 1879-இல் புதுச்சேரிக்கு ரயில் பாதை போட்ட பிறகு அது சந்திப்பாக வளர்ந்தது. தென்னார்க்காட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, புதுச்சேரி வழியாக மார்செய்ல் வரை கப்பல் ஏறியது. மண்டிக்கும் ரயில்வேக்கும் இரட்டைப் பதிவுக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளை என்பது முக்கியமில்லை. இன்றும் இந்த ஊர்களின் கடைத்தெரு மாடிகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டுகளைப் பார்க்கலாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளுக்காகக் காலை ஆறு மணிக்கே அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர், தங்கள் கையிலிருப்பது 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு வரிசையின் நுனி என்று அறியமாட்டார்கள். அந்தத் தேர்வின் புதுமை பாடத்தில் இல்லை, எண்ணில் இருந்தது. விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. பதிவெண்ணும் மறைந்து டம்மி நம்பர் மட்டும் திருத்துபவர் மேசைக்குப் போவது பிற்கால ஏற்பாடு. ஆனால் அதன் விதை இங்கேதான் விழுந்தது. முகத்துக்கு ஏற்ற சோதனைக்கு முகமே இல்லாத தாள் பதிலாக வந்தது.

அரசு ஊழியர்களுக்கான கணக்குத் தேர்வு இன்னும் சுவையானது. 1929-இல் சட்டம் இயற்றி, மாகாணங்களில் முதலாவதாகச் சென்னைதான் தேர்வாணையம் அமைத்தது, இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் வாரிசு. அது நடத்தும் துறைத் தேர்வுகளில் அக்கவுண்ட் டெஸ்ட் என்று எல்லோரும் சொல்லும் ஒன்று உண்டு. விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்திலும் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்திலும் அதைத் தாண்டாமல் பதவி உயர்வைப் பற்றிப் பேசமுடியாதவர்கள் ஏராளம். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பது அதன் சிறப்பு. நிதி விதித் தொகுப்பு, கருவூல விதித் தொகுப்பு, அடிப்படை விதிகள் எல்லாவற்றையும் ஓரத்தில் வண்ணத் தாள் ஒட்டி, மூலை மடங்கிய புத்தகங்களாகத் தூக்கிக்கொண்டு நடுவயதினர் தேர்வுக் கூடத்துக்குள் போவார்கள். கணக்கு என்பது நினைவாற்றல் அல்ல, எந்த விதி எங்கே இருக்கிறது என்று தெரிவது என்ற அறிவு இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. எண்சுவடியை மனப்பாடம் செய்த திண்ணையிலிருந்து புத்தகம் திறந்த பரீட்சை வரை வந்ததை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன். ஆனால் விதி எண்ணைச் சொல்லி எழுதிய விடைக்கு ஏன் பாதி மதிப்பெண் என்று கேட்டு வாதாட இங்கும் மேசை இருக்கவில்லை.

ஆடிட்டர்களின் வரலாறு இதே வழியில் சற்றுத் தாமதமாக நடந்தது. 1880-இல் அமைந்த இங்கிலாந்து கணக்காளர் கழகம் 1882-இலேயே தேர்வு வைத்துவிட்டது. இந்தியாவில் 1913-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம்தான் தணிக்கையாளருக்குச் சான்றிதழ் வேண்டும் என்றது. அதில் வரையறுக்கப்பட்ட சான்றிதழ் என்று ஒரு வகை இருந்தது. அதை வாங்கியவர் குறிப்பிட்ட மாகாணத்துக்குள், சான்றிதழில் குறிப்பிட்ட மொழியில் உள்ள கணக்கை மட்டுமே தணிக்கை செய்யலாம். தமிழில் எழுதிய கணக்கைத் தணிக்கை செய்யத் தமிழ் அறிந்தவருக்கென ஒரு வழி இருந்தது என்பதை இன்று நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். 1920-இல் அந்த வகையை நிறுத்திவிட்டார்கள். இடையில் 1918-இல் பம்பாயில் கணக்கியல் டிப்ளமோவும் மூன்றாண்டுப் பயிற்சியும் வந்தன. அங்கே இந்தத் தொழிலுக்கு வேர் ஊன்றியவர்களில் ஒருவரான கே.எஸ். ஐயர் நெல்லைச் சீமைக் கல்லிடைக்குறிச்சிக்காரர். 1932-இல் இந்தியக் கணக்கியல் வாரியமும் பதிவுபெற்ற கணக்காளர் தேர்வுகளும், 1949 ஜூலை 1-இல் பட்டயக் கணக்காளர் கழகமும் வந்தன. ஜூலை 1 பசலி ஆண்டின் முதல் நாளும்கூட. கழகம் பிறந்த அன்று திண்டிவனம் தாலுகாவில் பசலி 1359-இன் கணக்குப் புத்தகங்கள் திறக்கப்பட்டன. தற்செயல்தான், ஆனால் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே நாளில் ஏடு திறந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பழைய கணக்கு அதற்குப்பின் அதிக நாள் நிற்கவில்லை. 1961-இல் ஆந்திர வழக்கு ஒன்றில், கிராமப் பதவியைப் பரம்பரையாகத் தருவது அரசியல் சட்டத்தின் சம வாய்ப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1970-இன் புதிய விதிகளோடு தமிழ்நாட்டில் பரம்பரை முறை முடிந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளையே ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கர்ணம் போய் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 2018-இலிருந்து அவரைத் தேர்ந்தெடுப்பது குரூப் 4 தேர்வு: 200 கேள்விகள், 300 மதிப்பெண், வட்டம் கருப்பாக்கும் தாள். வாசல் முழுதாகத் திறந்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் பந்தலுக்கு வெளியே நின்றவரின் கொள்ளுப்பேத்தி இன்று அடங்கல் எழுதுகிறார் என்றால், அதைச் சாத்தியமாக்கியதில் பெயரில்லாத அந்தத் தாளுக்குப் பெரும் பங்கு உண்டு. இதை ஒப்புக்கொள்ளாமல் தேர்வு முறையைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

இனி மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சி.ஏ. போன்ற தேர்வில் ஒருவர் கேள்வித்தாள் அமைப்பார்; மற்றொருவர் அதைப் பார்த்துச் செப்பனிடுவார். தேர்வு முடிந்ததும் விடைக் குறிப்பும், எந்தப் படிக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அறிவுரையும் திருத்துபவர்களுக்குப் போகும். கணக்குத் தாளில் இந்தப் படி மதிப்பெண்தான் உயிர். தேய்மானத்தை முதல் வரியில் தப்பாகப் போட்டவனுக்கு இருப்புநிலைக் குறிப்பு கடைசிவரை தப்பாகத்தான் வரும். முறை சரியென்று பார்த்து மீதி மதிப்பெண்ணைத் தருவதா, விடை தப்பென்று எல்லாவற்றையும் வெட்டுவதா? தலைமைத் தேர்வாளர் மாதிரித் தாள்களைத் திருத்திக் காட்டி, ஒருவர் கை தாராளமாகவும் ஒருவர் கை இறுக்கமாகவும் போகாமல் சமன்செய்வார். எண்ணற்ற தாள்களைப் பல கைகள் திருத்தும் இடத்தில் இது இல்லாமல் நேர்மை இல்லை. இந்த ஏற்பாட்டை மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவுரையே தேர்வருக்குக் கிடைக்காது. 2007 நவம்பரில் இறுதித் தேர்வு எழுதிய ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்படி அதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2011 ஆகஸ்டில் வேறொரு வழக்கில், திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், அடுத்த மாதமே, தேர்வாளர்களுக்குத் தந்த அறிவுரைகள் கழகத்தின் அறிவுச் சொத்து, வெளியிட வேண்டியதில்லை என்றது. விடைத்தாள் உன்னுடையது, அளவுகோல் என்னுடையது என்பது இதன் சாரம். ஜமாபந்தியில் கணக்கை மட்டுமா பார்த்தார்கள்? சங்கிலியையும் அல்லவா அளந்தார்கள்!

மறுமதிப்பீடு கூடாது என்பதற்குச் சொல்லும் காரணங்கள் இலேசானவை அல்ல. 1984-இல் மராட்டியக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றமே அவற்றை ஏற்றது. முடிவுக்கு ஒரு முடிவு வேண்டும். ஆளுக்கொருவர் மறுதிருத்தம் கேட்டால் பட்டியல் என்றைக்கும் நிலைக்காது. இரண்டாமவர் திருத்தினால் வேறு மதிப்பெண் வரும் என்பதால் முதலாமவர் தப்பு என்று ஆகிவிடாது. பணம் உள்ளவர் திரும்பத் திரும்பக் கேட்பார், இல்லாதவர் இருந்தபடி இருப்பார். கடைசிக் காரணம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. திண்டிவனத்துக் கூலிக்காரரின் மகனுக்கு நகலுக்குக் கட்டும் பணமே பாரம். ஆனாலும் இவையெல்லாம் வரம்பில்லாத மறுதிருத்தத்துக்கு எதிரான காரணங்கள். அளவுகோலைக் காட்டி, அது எந்த விடைக்குத் தப்பாகப் பொருத்தப்பட்டது என்று ஒருமுறை எழுதிக் கேட்க விடுவதற்கு எதிராக இவற்றில் எதுவும் இல்லை. 2019-இல் கழகத்தின் டெல்லித் தலைமையகத்துக்கு முன்னால் மாணவர்கள் திரண்டு 39(4)-ஐ மாற்றச் சொன்னதை, தோற்றவர்களின் கூச்சல் என்று தள்ளியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

சாத்தியமா என்பவர்களுக்கு உள்ளூரிலேயே விடை உண்டு. குரூப் 4 போன்ற கொள்குறித் தேர்வு முடிந்ததும் டி.என்.பி.எஸ்.சி. தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடுகிறது. ஏழு நாளுக்குள் எந்தத் தேர்வரும் ஆதாரத்தோடு மறுப்புத் தெரிவிக்கலாம். வல்லுநர் குழு பார்த்து இறுதி விடை சொல்லும். பெயரில்லாத தாள் பெயரில்லாததாகவே இருக்கிறது. பிறப்பு திரும்பி வரவில்லை. பட்டியலும் வெளியாகத்தான் செய்கிறது. வட்டம் கருப்பாக்கும் தாளில் இது எளிது, பத்துப் பக்கம் எழுதும் தாளில் கடினம் என்பார்கள். கடினம்தான். ஆனால் படிக்கு இத்தனை மதிப்பெண் என்று ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் கணக்குத் தாளுக்கு, சட்டக் கட்டுரைத் தாளுக்கு ஆகும் சிரமம் ஆகாது. மூடிய அறை பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் 2019 குரூப் 4 தேர்வில் ஆட்டம் கண்டது. ராமநாதபுரம் மாவட்ட மையங்களில் எழுதிய தேர்வர்கள், அழியும் மையைப் பயன்படுத்திய முறைகேட்டில் சிக்கினார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு ஆணையம் வாழ்நாள் தடை போட்டது. அங்கே திருட்டு நடந்தது விடைத்தாளில்தான். வெளியே வைத்த விடைக்குறிப்பால் யாரும் எதையும் திருடவில்லை.

1993-இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான பிறகும், 2019-இல் கள்ளக்குறிச்சி விலகிப்போன பிறகும், கோடைக் கடைசியில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. வருவாய்த் தீர்வாயம் என்று பந்தலில் பேனர் கட்டுகிறார்கள். டம்மி நம்பராகத் தேர்வான கிராம நிர்வாக அலுவலர், அடங்கலும் அ-பதிவேடும் மேசையில் விரித்து, ஜமாபந்தி அலுவலருக்கு எதிரே நிற்கிறார். அலுவலர் ஒரு புல எண்ணில் விரலை வைத்து ஏன் என்று கேட்கிறார். பக்கத்தில் நில அளவைச் சங்கிலி சுருட்டிக் கிடக்கிறது. வெளியே வரிசையில், பட்டாவில் தன் பெயர் தப்பாக ஏறிவிட்டது என்று மனுவைக் கையில் வைத்திருக்கும் ஒரு அம்மாள் தன் முறைக்குக் காத்திருக்கிறார்.